மாத்திரை வந்த வழி



தோட்டத்து வீடுகளில் சுவாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரைப் பையும் இருப்பதை நாம் பார்க்கின்றோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது. அந்தச் சின்ன மாத்திரை பிறந்த கதையை அறிந்துகொண்டால், அதை எப்படி விழுங்கவேண்டும் என்பதும் நமக்கு விளங்கிவிடும்.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தெற்கே போனால் பந்திங் வருகின்றது. 1921-ல் கனடாவின் டொரோண்டோ நகரில் இன்சுலினைக் கண்டறிந்த மருத்துவரின் பெயரும் பாண்டிங்தான். ஊருக்கும் அவருக்கும் தொடர்பில்லை. நினைவில் நிறுத்த மட்டும் இது உதவும். இன்சுலின் உயிர் காத்தது. ஆனால், வாயால் உட்கொண்டால் அது வயிற்றிலே செரித்துப்போகும். ஆகவே ஊசியாகவே போடவேண்டியிருந்தது.

மாத்திரைக்கு வழி திறந்தது 1942-ல். பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு காய்ச்சல்காரர்களுக்கு ஒரு புதிய சல்பா மருந்தைக் கொடுத்தார் மருத்துவர் ஜான்போன். நோயாளிகள் சிலர் வியர்த்து, வலிப்புக் கண்டு, நினைவிழந்தனர். இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. அவருடைய நண்பர் லூபாத்தியே நாய்களிடம் ஆராய்ந்து காரணம் கண்டார். அம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றது. கணையமே இல்லாவிட்டால் அது வேலை செய்வதில்லை. இதன் வழியாக 1950-களின் நடுவில் முதல் மாத்திரைகளும், 1969-ல் கிளிபென்கிளமைடும் வந்தன. கிளிக்லசைடும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த மாத்திரை உலகுக்குத் தன்னை அறிவித்ததே ஆபத்தின் உருவில்தான். கணையத்தைத் தூண்டிவிட்டு உணவைத் தராவிட்டால், இருக்கின்ற சீனியும் கரைந்துபோகும். விடியுமுன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறாமல் செம்பனைக் காட்டுக்கோ தொழிற்சாலைக்கோ ஓடுகின்றவருக்கு இதுதான் நேர்கின்றது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பெரும்பசி, தடுமாறும் பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, பின்பு உணவு கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லவேண்டும்.

இன்னொரு மாத்திரையான மெட்போர்மினின் வேர் ஐரோப்பியப் பச்சிலை ஒன்றில் இருக்கின்றது. 1922-ல் டப்ளினில் அது உருவாக்கப்பட்டது. ஆயினும் 1957-ல் பாரிஸ் மருத்துவர் ஸ்டேர்ன் எழுதிய பிறகே இனிப்புநீருக்கு வழங்கியது. ஈரல் வெளிவிடும் சீனியை அது குறைக்கின்றது. தனியே உட்கொண்டால் சீனி அபாயமாக இறங்குவது அரிது. ஆனால் அதன் உறவான பென்போர்மின், இரத்தத்தில் அமிலம் சேரச் செய்ததால் 1970-களில் பல நாடுகளில் கைவிடப்பட்டது. மெட்போர்மின் உட்கொள்வோருக்கு மருத்துவர் சிறுநீரகப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். வாந்தி, வயிற்றுப்போக்குக் கண்டால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்தின் பெயர் தெரியாமல் விழுங்கினால் என்ன ஆகும்? 2008-ல் சிங்கப்பூரில் இனிப்புநீர் இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டோர் சீனி இறங்கி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் நால்வர் இறந்தனர். ஆண்மை மருந்து என்று கள்ளத்தனமாக விற்கப்பட்டவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது! சந்தையில் விற்கும் பெயரில்லாத பொடியையும், அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையையும் நாம் தொடாதிருப்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பாகற்காய்ச் சாறு, வெந்தயம் முதலியவற்றை மருந்தாகச் சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் மறைக்கவேண்டாம்.

ஒருவேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாக விழுங்கக்கூடாது. தைப்பூச விரதம் தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். உடம்பு தேறியதென்று நாமாக நிறுத்துவதும் தவறு.

மோன்பெலியே நோயாளிகள் துன்புற்றுக் கற்பித்த பாடம் இது. தாய்மார்களே, நாளைக் காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கையால், தட்டில் இரண்டு இட்லியையும் வையுங்கள்.