பிறர் மதமும் தன் மதமும்

நமது இதழில் ஒருவர் ஒரு பொருள் குறித்து எழுதின், மறு மாதமே அதற்கு மறுப்புக்கள் வரக் காண்கின்றோம். அவற்றுட் சில, எழுதியவர் கூறாததனைக் கூறியதாகக் கொண்டு சாடுவன. முதன்முறை கட்டுரை எழுதிய இளைஞர் ஒருவர், மறுப்பென்னும் பெயரால் வசையே வரக் கண்டு, எழுதுவதையே விட்டொழித்தார். அஃது எமக்கு மிக்க வருத்தந் தந்தது. எம்பாலும் அக்குற்றம் முன்னர் இருந்ததுண்டு. இளமையில் அறிஞர் ஒருவர் கட்டுரையை முற்றும் படியாமலே யாம் மறுப்பு வரைந்தேம். யாம் எழுப்பிய வினாவிற்கு அவர் தம் இறுதிப் பகுதியில் விடை கூறியிருந்தமை, எமது மறுப்பு அச்சேறிய பின்னரே புலனாயிற்று. அந்நாணமே பண்டையோர் வாது செய்த நெறியை ஆராய எம்மைத் தூண்டிற்று.

தமிழில் நூல்வழி வாது செய்தல் பழைய வழக்கே. பௌத்த காப்பியமாகிய குண்டலகேசியை மறுத்தெழுந்தது சைன நூலாகிய நீலகேசி. குண்டலகேசி முழுமையும் இன்று கிடைத்திலது. சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. அதன்கண் இருந்த வாதங்களை நாம் பெரிதும் அறிவது, 1936-இல் அச்சில் வெளிவந்த நீலகேசியாலும், அதற்கு வாமன முனிவர் இயற்றிய சமயதிவாகரம் என்னும் உரையாலுமே யாம். எதிர்ப்பக்கத்தை எடுத்துக்காட்டி மறுத்தமையால், மறுத்த நூலே மறுக்கப்பட்டதற்குக் காவலாயிற்று!

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்துள், நூலாசிரியர் கொள்ளும் மதம் எழுவகைத்து என வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதல் ஒன்று, மறுத்தல் ஒன்று, முதற்கண் உடன்பட்டுப் பின்னர் நீக்குதல் ஒன்று, தாம் ஒன்றனை நாட்டி அதனை நிலைபெறச் செய்தல் ஒன்று, இருவர் மாறுபட்டவழி ஒருவர் பக்கந் துணிதல் ஒன்று, பிறர் நூலின் குற்றங் காட்டல் ஒன்று, எவரோடுஞ் சாராது தம் கொள்கையே கொள்ளல் ஒன்று. ஏழனுள்ளும் உடன்படுதலே முன் நிற்றல் காண்க. வைதல் என்பதோ ஏழனுள் ஒன்றன்று.

அந்நூற்றாண்டிலேயே அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக அமைந்தது. பரபக்கத்துள் உலகாயதன் முதலாகப் பதினால்வர் கொள்கைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. ஒவ்வொருவர் மதத்தையும் முன்வைத்து, அதன் பின்னரே அதன் மறுதலையை வைத்தார் ஆசிரியர். பிறர் பக்கம் முடிந்த பின்னரே தம் பக்கமாகிய சுபக்கம் தொடங்குகின்றது.

உரைகாரரும் இந்நெறியினரே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், இளம்பூரணரைப் பலவிடத்தும் மறுக்கின்றார். மறுக்குங்காலும் அவரை 'உரையாசிரியர்' என்றே சுட்டுகின்றார். கருத்தை மறுத்தார், மதிப்பைக் குறைத்திலர்.

ஆதலின், மறுப்பெழுதப் புகும் நம் இளைஞர்க்கு யாம் கூறுவது இது. எதிர்க்கருத்தை முதலில் நும் சொல்லால் எழுதுக. அதனைக் கண்டு, 'யான் சொன்னது இதுவே' என்று அவரே ஒப்புதல் வேண்டும். பின்னர் உடன்படுவதனைக் கூறுக. உடன்படாததனைக் காரணத்தோடு மறுக்க. அதனோடு நில்லாது, நும் கொள்கை யாதென நாட்டுக; பிறரை மறுத்த அளவானே தன் பக்கம் நிறுவப்பட்டதாகாது. பெரியோர்காள்! இளைஞர் எழுத்தை மறுக்குங்கால் நாமும் இவ்வாறே செய்வேமாயின், எழுதுவதை விட்ட அவ்விளைஞர் மீண்டும் எழுத முன்வருவர்.