சிற்றிலும் இரப்பர் விதையும்: பேராக் தோட்டப்புறச் சிறுவரின் விளையாட்டுக் கலை

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாறு பெரும்பாலும் குடிபெயர்வு, கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தோட்டச் சிறுவர் தம் கையால் செய்து, உடைத்து, மீண்டும் செய்த பொருள்கள் அதில் இடம்பெறுவது அரிது. அவையும் கலை ஆக்கங்களே என்பதைப் பேராக் மாநிலத்தைக் களமாகக் கொண்டு நிறுவ முயல்கிறோம்.

இலக்கிய மரபில் ஆக்கமும் சிதைவும்

சங்க அகப்பாடல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைப்பதும் வண்டற் பாவை செய்வதும் பேசப்படுகின்றன. அலை அழித்துவிடும் என அறிந்தே செய்யப்பட்ட ஆக்கங்கள் அவை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம், சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனை வேண்டுவதாக அமைந்துள்ளது. ஆண்பாற் பிள்ளைத்தமிழோ சிற்றிலுக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கியது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழிலும் அப்பருவம் உண்டு. கட்டுதலைப் போலவே சிதைத்தலையும் குழந்தைமையின் இயல்பாக ஏற்ற மரபு இது. வாசற்கோலமும் நடப்போர் காலடியில் அழிந்து மறுநாள் புதிதாகப் பிறக்கிறது. நிலைத்திருத்தல் ஒன்றையே கலையின் அளவுகோலாக நம் முன்னோர் கொள்ளவில்லை எனலாம்.

தோட்டப்புற விளையாட்டு

கோலாகங்சாரில் 1877இல் 9 இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் முழுவதும் தோட்டங்கள் பெருகின. தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. கடைப்பொம்மை வாங்க வசதியற்ற சிறுவருக்கு வேலைக்காடே விளையாட்டுப் பொருள் வழங்கியது. வெயிலில் காய் வெடித்துச் சிதறிய விதைகளைச் சிமெந்தில் தேய்த்துச் சூடேற்றித் தோழர் கையில் வைப்பர். இரு விதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அறைந்து, எது உடைகிறது எனப் பார்ப்பர். விதையைக் குடைந்து, குச்சியும் நூலும் கோத்துச் சுழலி செய்வர். மங்கிலும் மரப்பட்டையிலும் எஞ்சிய ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவர். கையில் பிசுபிசுப்பும் உடையில் நீங்காத பாற்கறையும் இவ்விளையாட்டோடு சேர்ந்தே வந்தன.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. குடையும்போது விதை பிளப்பது இயல்பு. ஆயினும் விதைக்கு விலையில்லை. அடுத்த விதை காலடியிலேயே கிடந்தது. ஆதலின் கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சம் சிறுவருக்கு இல்லை. அவ்வச்சமின்மையே கையைப் பழக்கியது. புதியன காணத் தூண்டியது. வியன்னாவில் 1897இல் சிறார் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சீசெக், பார்த்து வரைவதைத் தவிர்த்துக் குழந்தைகளைத் தம் விருப்பப்படி படைக்கவிட்டார். அவர் கோட்பாடாக வகுத்ததை நம் தோட்டச் சிறுவர் வறுமையினூடே வாழ்ந்து காட்டினர்.

முடிவுரை

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபோது அவ்விளையாட்டுகளும் வழக்கொழியலாயின. ஈப்போ பழைய நகரச் சுவர்களில் 2014இல் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய ஓவியங்களுள் ஒன்றில் சிறுவர் காகித விமானத்தில் அமர்ந்துள்ளனர். நகரச் சிறுவரின் விளையாட்டுக்குச் சுவர் கிடைத்தது. தோட்டச் சிறுவரின் விளையாட்டுக்கு ஏடேனும் கிடைக்க வேண்டும். அவ்விளையாட்டை ஆடியோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்தம் நினைவுகளைத் திரட்டுதல் ஆய்வாளர் கடமை. காட்சிக்கலைக் கல்வி வகுப்பில் இரப்பர் விதையை மாணவர் கையில் கொடுத்து, அது உடைந்தாலும் மதிப்பெண் குறையாது எனக் கூறுதல் ஆசிரியர் கடமை. தூய்மையான ஒரு தாளைக் காட்டிலும், பிளந்த பத்து விதைகள் ஒரு மாணவனுக்கு மிகுதியாகக் கற்பிக்கக்கூடும்.