குண்டு வெடிக்கப்போகும் தீவில் இரண்டு மாணவர்கள்

1971 நவம்பர் 6ஆம் திகதி அலாஸ்காவின் அம்சிட்கா தீவில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 1800 மீற்றர் ஆழத்தில், அமெரிக்கா ஒரு அணுகுண்டை வெடிக்க வைத்தது. 'கனிகின்' என்று அந்தப் பரிசோதனைக்குப் பெயர். கிட்டத்தட்ட ஐந்து மெகாதொன். ஹிரோஷிமாவில் போட்ட குண்டைவிட முந்நூறு மடங்குக்கும் மேலே. அமெரிக்கா நிலத்துக்கடியில் வெடித்த குண்டுகளில் இதுதான் பெரியது. வெடிப்பைத் தடுக்கச் சொல்லிப் போன வழக்கில், அதே நாள் காலையில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. பயமில்லை எண்டு காட்ட, அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஜேம்ஸ் ஷ்லெசிஞ்சர் தன்ர மனிசியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தீவில வந்து நிண்டார். இரண்டு மாதம் முன்னால் வன்கூவரிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகில் எதிர்ப்புக் காட்டப் புறப்பட்டவர்கள் தீவை எட்ட முடியாமல் திரும்பியிருந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்துதான் கிறீன்பீஸ் அமைப்புப் பிறந்தது.

இந்தக் கதையை அரசியல் வரலாறாக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் எழுத வந்தது, அதே வருடங்களில் அதே தீவில் திரிந்த இரண்டு பட்டப்பின்படிப்பு மாணவர்களைப் பற்றி.

உயர்தரத்தில் உயிரியல் படித்த நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். உணவுச் சங்கிலி படிப்பிக்கேக்க கடல் நீர்நாய், கடல் முள்ளெலி, கெல்ப் எண்டு மூன்றையும் அம்புக்குறி போட்டுக் காட்டுற படம் எங்கயாவது கண்ணில பட்டிருக்கும். நீர்நாய் முள்ளெலியைத் தின்னும், முள்ளெலி கெல்ப்பைத் தின்னும், நீர்நாய் இல்லாட்டி கெல்ப் அழியும். அவ்வளவுதான். அந்தப் படத்தில குண்டு இல்லை. தோல் வியாபாரம் இல்லை. அந்தத் தீவுகளின்ர சனம் இல்லை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த அம்புக்குறிகளுக்குப் பின்னால் இருந்ததுதான் முக்கியமாகப் பட்டது.

கதை 1741இல் தொடங்குகிறது. ரஷ்யாவிலிருந்து வித்துஸ் பேரிங் தலைமையில் போன கப்பல் ஒரு தீவில் ஒதுங்கி உடைந்தது. பேரிங் அங்கேயே இறந்தார். தப்பிப் பிழைத்தவர்கள் ஊர் திரும்பும்போது கடல் நீர்நாயின் தோல்களைக் கொண்டுபோனார்கள். அந்தத் தோலுக்குச் சீனச் சந்தையில் கிடைத்த விலையைக் கண்டதும் ரஷ்ய வியாபாரிகள் அலூசியத் தீவுகளுக்குப் படையெடுத்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்ந்த உனங்கன் மக்களைப் பணயம் வைத்தும் அடித்தும் வேட்டைக்கு அனுப்பினார்கள். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில், குடும்பங்கள் கரையில் பிணையாக. நோயும் வன்முறையும் சேர்ந்து அந்த மக்கள்தொகையின் பெரும்பங்கை அழித்தன. 1911இல் ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா சேர்ந்து ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது, உலகம் முழுக்க மிஞ்சியிருந்த கடல் நீர்நாய்கள் ஒன்றிரண்டாயிரம் மட்டுமே என்று கணக்கிடுகிறார்கள்.

ஏன் இந்தத் தோலுக்கு இவ்வளவு விலை? பதில் அந்த மிருகத்தின் உடற்றொழிலியலில் இருக்கிறது. திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் குளிரைத் தாங்கத் தோலுக்குக் கீழே தடித்த கொழுப்புப் படை இருக்கிறது. கடல் நீர்நாய்க்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக விலங்குகளிலேயே மிக அடர்த்தியான உரோமம்: ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள். அதுவும் போதாது. அதனால் அதன் உடம்பு எப்போதும் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கவேண்டும். அதே பருமனான மற்றப் பாலூட்டிகளைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமான அனுசேபம். ஒரு நாளைக்குத் தன் நிறையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சாப்பிடவேண்டும். அதன் தசைகள் அசையாமல் இருக்கும்போதும் வெப்பத்தை உண்டாக்குகின்றன என்று 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. இந்தப் பசியை மறக்கவேண்டாம். பிறகு தேவைப்படும்.

இனி பணத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் சூழலியல் என்ற துறை வளர்ந்ததில் அணுசக்தி ஆணையத்தின் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. யூஜின் ஓடம், ஹவார்ட் ஓடம் சகோதரர்கள் 1954இல் எனிவெடொக் பவளத்தீவில் செய்த புகழ்பெற்ற ஆய்வு அப்படித்தான் நடந்தது. மக்களை அகற்றிவிட்டுக் குண்டு வெடித்த தீவு அது. அம்சிட்காவிலும் அதே நடைமுறை. 1965இல் முதல் குண்டு, 1969இல் இரண்டாவது, 1971இல் கனிகின். குண்டு வெடித்தால் அங்கேயுள்ள உயிர்களுக்கு என்ன நடக்கும் என்று கேள்வி வரும். பதில் சொல்ல உயிரியலாளர்கள் வேண்டும். 1911க்குப் பிறகு அம்சிட்காவில் கடல் நீர்நாய்கள் மீண்டும் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தன. ஆகவே நீர்நாயைப் படிக்க ஆள் தேவைப்பட்டது.

அப்படி வந்தவர்தான் ஜிம் எஸ்டெஸ், அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்ட மாணவர். அரிசோனா பாலைவனம். அங்கயிருந்து கடல் ஆராய்ச்சிக்கோ எண்டு சிரிக்கலாம். ஆனால் சில வருடம் முன்னாலேயே அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு மாணவர், ஜெரால்ட் கூய்மன், அந்தாட்டிக்காவில் பனியில் துளை போட்டு வெடெல் சீல்களின் முதுகில் தானே செய்த ஆழமானியைக் கட்டிவிட்டார். அதன் கடிகாரப் பகுதி, சமையலறையில் நேரம் பார்க்கிற சாதாரண ரைமர். அந்தக் கருவியை வைத்துத்தான் அந்த மிருகம் 600 மீற்றர் ஆழம் வரை போகும், 40 நிமிடத்துக்கும் மேல் மூச்சடக்கும் என்று 1966இல் உலகத்துக்குத் தெரியவந்தது. காசும் கருவியும் முழுசா வந்தபிறகுதான் ஆராய்ச்சி எண்டு காத்திருந்தால் இதெல்லாம் நடந்திராது.

எஸ்டெஸ் தொடக்கத்தில் வைத்திருந்த கேள்வி சாதாரணமானது: இவ்வளவு நீர்நாய்களை இந்தக் கெல்ப் காடு எப்படித் தாங்குகிறது? கெல்ப் என்றதும் எங்கட கரையில ஒதுங்குற சாதாளை மாதிரி நினைச்சிடாதீங்க. கடலடிப் பாறையில் பிடித்துக்கொண்டு பற்றைபோலவும் மரம்போலவும் எழும்பி நிற்கிற பெரிய பாசி அது. அதற்குள் மீனும் நண்டும் சிப்பியும் குடியிருக்கும்.

1971இல் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் பெயின் அம்சிட்காவுக்கு வந்தார். இவர் 1963 முதல் வாஷிங்ரன் மாநிலக் கரையில் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திரமீன்களைப் பிடுங்கிப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்து பார்த்தவர். நட்சத்திரமீன் போனதும் மட்டிகள் பெருகி இடத்தைப் பிடித்தன. 15 இனங்கள் இருந்த பாறையில் 8தான் மிஞ்சின. அதைக் கொண்டுதான் 'மையக்கல் இனம்' என்ற கருத்தை முன்வைத்தார். அவர் எஸ்டெஸிடம் சொன்னதன் சாரம் இதுதான்: கேள்வியைத் திருப்பிப் போடு. கெல்ப் நீர்நாய்க்கு என்ன செய்கிறது என்று கேட்காமல், நீர்நாய் கெல்ப்புக்கு என்ன செய்கிறது என்று கேள்.

ஆனால் அம்சிட்காவில் மட்டும் இருந்து அதற்குப் பதில் காண முடியாது. நீர்நாய் இல்லாத தீவு வேண்டும். மேற்கே சில நூறு கிலோமீற்றர் தள்ளி ஷெம்யா தீவு இருந்தது. அங்கே தோல் வேட்டைக்காரர் கடைசி மிருகம் வரை துடைத்தெடுத்திருந்தார்கள். நீர்நாய் திரும்பி வரவில்லை. எஸ்டெஸும், வாஷிங்ரன் பல்கலைக்கழக மாணவரான ஜோன் பல்மிசானோவும் அங்கே போனார்கள். தண்ணீருக்குள் இறங்கின உடனேயே பதில் தெரிந்துவிட்டது. கடலடி முழுக்கப் பச்சை முள்ளெலிகள், கம்பளம் விரித்த மாதிரி. கெல்ப் கிடையாது. அம்சிட்காவிலோ கெல்ப் காடு அடர்ந்திருந்தது, முள்ளெலிகள் சிறிதாக, பாறை இடுக்கில் ஒளிந்திருந்தன. 1974இல் இருவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை மூன்றே பக்கம். இன்று வரை மேற்கோள் காட்டப்படுகிறது.

இங்கேதான் நாங்கள் நிற்கவேண்டியிருக்கிறது. பெயின் தன் பரிசோதனைக்குத் தானே நட்சத்திரமீனைப் பிடுங்கினார். எஸ்டெஸுக்கும் பல்மிசானோவுக்கும் நீர்நாய்களைப் பிடுங்கிக் கொடுத்தது யார்? ரஷ்யத் தோல் வியாபாரம், பிறகு அமெரிக்கத் தோல் வியாபாரம். ஒரு தீவில் மிருகம் இருக்க, இன்னொரு தீவில் இல்லாமல் போனது இயற்கை இல்லை. அது காலனியம் நடத்திய 'பரிசோதனை'. அதற்கான விலையை உனங்கன் மக்கள் கொடுத்தார்கள். மாணவர்கள் இருவரும் செய்தது, அந்த அழிவு கடலடியில் விட்டுப்போன தடயத்தை வாசித்தது. உயிரியல் ஆய்வு எண்டு நாங்கள் நினைக்கிறதுக்குள்ள இப்படி ஒரு சுவடிக்கூடம் இருக்குமெண்டு நாங்கள் எதிர்பார்க்கேல்ல.

சுவடிக்கூடம் இன்னும் பழசு. 1978இல் சார்ள்ஸ் சிமென்ஸ்ராட், எஸ்டெஸ், கார்ல் கென்யன் மூவரும் அம்சிட்காவில் உனங்கன் மக்களின் பழைய குப்பைமேடுகளைப் பற்றி எழுதினார்கள். ஏறத்தாழ 2500 வருடத்து மிச்சங்கள்: முள்ளெலி ஓடு, மீன் முள்ளு, மிருக எலும்பு. உனங்கன் மக்கள் ஊரை அண்டி நீர்நாய் வேட்டையாடிய காலங்களில் அங்கங்கே முள்ளெலி கூடியிருக்கிறது. ஆனால் நீர்நாய் அழியவில்லை. வேட்டை அவர்களுக்குப் புதிதல்ல. அழிவுதான் புதிது.

அதே மக்களை 1942இல், ஜப்பானியப் படை அலூசியத்துக்கு வந்ததைக் காரணம் காட்டி, அமெரிக்க அரசு ஏற்றிக்கொண்டுபோய் தென்கிழக்கு அலாஸ்காவில் பாழடைந்த மீன்பதனிடும் கட்டடங்களில் வைத்தது. ஏறத்தாழ 880 பேர். பத்தில் ஒருவர் அளவில் அங்கே இறந்தார்கள். சில ஊர்களுக்குத் திரும்பிப்போக விடவேயில்லை. இடம்பெயர்வு எண்டால் என்னவெண்டு எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு அந்தத் தீவுகளை 'ஆளில்லாத இடம்' என்று சொல்லிக் குண்டு வெடிப்பது சுலபமாக இருந்தது.

கனிகின் வெடித்தபோது தீவின் தரை எழும்பி விழுந்தது, கரைப்பாறைகள் சரிந்தன. நூற்றுக்கணக்கான நீர்நாய்கள் செத்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இன்னொரு பக்கம், அந்த வருடங்களில் அம்சிட்காவிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் விட்ட நீர்நாய்களின் வாரிசுகள் இன்று தென்கிழக்கு அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாழ்கின்றன. நல்லதையும் கெட்டதையும் பிரிச்செடுத்து இரண்டு பெட்டியில போட இந்தக் கதை விடாது.

கதை அதோடு முடியவுமில்லை. 1990களில் மேற்கு அலாஸ்காவில் நீர்நாய்கள் திடீரெனக் குறையத் தொடங்கின. 1998இல் எஸ்டெஸ் குழு ஓர்காத் திமிங்கிலங்களைச் சந்தேகித்தது. எப்படிக் கணக்குப் போட்டார்கள்? ஒரு ஓர்காவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி தேவை, ஒரு நீர்நாயில் எவ்வளவு சக்தி இருக்கிறது. உடற்றொழிலியல் கணக்கு. விடை திகைக்க வைத்தது. வருடக்கணக்கில் நீர்நாயை மட்டுமே தின்றால், நாலு ஓர்காக்களே நாற்பதாயிரம் நீர்நாய்கள் குறைந்ததற்குப் போதும். ஓர்காக்கள் ஏன் நீர்நாய்ப் பக்கம் திரும்பின என்பதில் இன்றும் விவாதம் உண்டு. கெல்ப் மட்டும் மறுபடி அழிந்தது. 2005இல் அமெரிக்க அரசு தென்மேற்கு அலாஸ்கா நீர்நாய்களை அச்சுறுத்தலுக்குள்ளானவை என்று பட்டியலிட்டது.

இறுதி வருடத்தில எல்லாரும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுற காலம் இது. எடுக்கிற தலைப்பு 'சேஃப்' ஆனதா எண்டுதான் முதல் கேள்வி வரும். எஸ்டெஸ் போனதும் ஒரு சேஃப் கேள்வியோடதான், அதுவும் குண்டு வெடிக்கிற நிறுவனத்தின்ர காசில. அந்தக் காசு கேள்வியை முழுதாகக் கட்டிப்போடவில்லை. ஆனால் எந்தத் தீவில் நிற்பது, எந்த மிருகத்தைப் பார்ப்பது என்பதை அதுதான் தீர்மானித்தது. கட்டுரையின் மூன்று பக்கத்தில் உனங்கன் வேட்டைக்காரரின் பெயர் ஒன்றுமில்லை. ஷெம்யாவின் கடலடியை வெறுமையாக்கியதில் அவர்கள் வலிந்து வாங்கப்பட்ட உழைப்பும் இருக்கிறது. அடுத்தமுறை அந்த மூன்று அம்புக்குறிப் படத்தைப் பார்க்கேக்க, நாலாவதா ஒரு அம்புக்குறியை நீங்களே பென்சிலால கீறிப் பாருங்கோ. அது எங்கயிருந்து தொடங்கவேணும் எண்டு யோசிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.