குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறீர்களா? 'தெரிஞ்சவங்க' என்பது மட்டும் ஏன் போதாது?

"பாப்பாவைப் பார்த்துக்க நம்பகமான ஆள் யாராவது தெரியுமா? கொஞ்சம் அவசரம்."

பெங்களூரு, ஹைதராபாத், புனே, குருகிராம் என எந்த ஊர் அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குழுவிலும் இந்தச் செய்தியைப் பார்க்கலாம். ஒருவேளை நீங்களே போட்டிருப்பீர்கள். பேறுகால விடுப்பு முடியப் போகிறது. ஊரிலிருந்து வந்த அம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாது. பத்து நிமிடத்தில் யாரோ ஒரு போன் நம்பர் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: "எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான், ரொம்ப நல்லவங்க."

அந்த ஒரு வரியை நம்பி, பேசத் தெரியாத குழந்தையைத் தினமும் ஒன்பது மணி நேரம் ஒப்படைக்கலாமா? தேடலைத் தொடங்க அந்த வரி போதும். முடிவெடுக்கப் போதாது. ஏன், அதற்குப் பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்திருந்தால், வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும்.

இந்தக் கவலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கிறார்கள். ஆண்களில் இது 21.4 சதவீதம். அப்படிப் பராமரிக்கும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். அதனால் ஆள் தேடும் வேலையும் அம்மாவுடையது மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டியது.

தேடும் முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 50 பேரும் பெண்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஹெச்ஆரிடம் இதை மின்னஞ்சலில் கேளுங்கள்.

வீட்டுக்கே ஆள் வேண்டும் என்றால், குறைந்தது நான்கு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். தவறான தேர்வுகள் பெரும்பாலும் கடைசி வார அவசரத்தில்தான் நடக்கின்றன.

'தெரிஞ்சவங்க' பற்றித் தரவுகள் என்ன சொல்கின்றன?

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பிய பொறுப்பில் இருந்தவர்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீபத்திய ஆண்டறிக்கைகளில் இது இன்னும் அதிகம். போக்சோ சட்டத்தின் 4, 6-ஆம் பிரிவுகளில் பதிவான வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் முன்பே அறிமுகமானவர். ஆனால் இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். பதின்வயதினரின் காதல் தொடர்பான வழக்குகளும் இதில் அடங்கும். கைக்குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர்கள் ஆபத்தானவர்கள் என்றும் இது சொல்லவில்லை.

இது சொல்வது ஒன்றுதான்: அறிமுகம் வேறு, பாதுகாப்பு வேறு. சொந்தக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டில் வேலை பார்த்தார் என்பதற்காக எந்தச் சோதனையையும் விட்டுவிட முடியாது.

ஆதாரும் போலீஸ் சரிபார்ப்பும் எதைக் காட்டும்?

இந்தியாவில் குழந்தைப் பராமரிப்பாளர்களுக்குத் தேசிய அளவில் உரிமமோ பதிவேடோ கிடையாது. எனவே நாம் நம்பியிருப்பது இரண்டு காகிதங்களை.

முதலாவது ஆதார். நகலை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. ஆதார் ஆணையத்தின் செயலியில் அட்டையின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பெயரும் படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அவர் முன்னிலையில், அவர் சம்மதத்துடன் செய்யுங்கள். ஒரிஜினல் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது போலீஸ் சரிபார்ப்பு. தமிழ்நாடு, கர்நாடகா, டெல்லி உள்ளிட்ட பல இடங்களில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் மீது வழக்கு பதிவாகியிருந்தால் அது தெரியவரும். புகாராகவே மாறாத விஷயம் எந்தப் பதிவிலும் இருக்காது. அவர் பொறுமையானவரா, குழந்தை அழுதால் என்ன செய்வார் என்பதையும் அது சொல்லாது.

ஏஜென்சி மூலம் எடுத்தால், "வெரிஃபிகேஷன் எல்லாம் முடிஞ்சது சார்" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சான்றின் நகல், கட்டணத்துக்கு ரசீது, ஆள் மாற்றித் தருவதற்கான விதி, உங்கள் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்ற விவரம், இந்த நான்கையும் கேளுங்கள்.

வயதையும் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை செய்யப்பட்ட ஒன்று. 18 நிரம்பாத யாரிடமும் குழந்தையை ஒப்படைக்காதீர்கள். அவரும் ஒரு குழந்தைதான்.

பழைய வீட்டுக்கு ஒரு போன்

பலர் தவிர்ப்பது இதைத்தான். உண்மையில் அதிகம் பலன் தருவதும் இதுதான். குறைந்தது இரண்டு வீடுகளுடன் பேசுங்கள்.

"நல்லவங்களா?" என்று கேட்டால் "நல்லவங்கதான்" என்றே பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

- அப்போது உங்கள் குழந்தைக்கு என்ன வயது? எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வந்தார்? (பராமரிப்பாளர் உங்களிடம் சொன்னதோடு இது பொருந்த வேண்டும்.)
- ஏன் நின்றார்?
- அவரிடம் உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் என்ன?
- நாளைக்கே தேவைப்பட்டால் அவரையே மறுபடியும் கூப்பிடுவீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். தயக்கமும் ஒரு பதில்தான்.

நேரில் என்ன கேட்பது?

"குழந்தை அழுதா என்ன செய்வீங்க?" என்றால் யாரும் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள்: "போன வீட்டுல குழந்தை சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சப்ப என்ன செஞ்சீங்க?" உண்மையில் பார்த்துக்கொண்டவருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

அவசர நிலை பற்றியும் கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் ஏதாவது சிக்கி மூச்சு திணறினால், முகம் கீழே இருக்கும்படி முன்கையில் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்ட வேண்டும். அதற்கும் வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். சிக்கிய பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. நமக்கே தெரியாமல் இருக்கலாம். "தெரியாதும்மா, சொல்லிக் கொடுங்க" என்பவர், தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்பவரைவிடப் பாதுகாப்பானவர். குழந்தை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போய், இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு மொழியும் முக்கியம். அவருக்கு ஹிந்தி அல்லது வங்காளம், உங்களுக்கு அரைகுறை ஹிந்தி என்றால், காய்ச்சல், வாந்தி, மூச்சுத்திணறல், விழுந்துவிட்டது போன்ற பத்து வார்த்தைகளையாவது இருவருக்கும் புரியும்படி முன்பே பேசி வையுங்கள்.

முதல் இரண்டு வாரம்: படிப்படியாக

பரிசோதனை நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள். பிறகு இப்படிப் போகலாம்:

- நாள் 1 முதல் 3: நீங்கள் செய்கிறீர்கள், அவர் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்.
- நாள் 4 முதல் 7: அவர் செய்கிறார், நீங்கள் அடுத்த அறையில்.
- இரண்டாம் வாரம்: முதலில் ஒரு மணி நேரம் வெளியே போங்கள். பிறகு இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள். ஒரு தடவையாவது சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நில்லுங்கள்.

இதே வாரத்தில் விதிகளை ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நீங்கள் சொல்லாமல் எந்த மருந்தும் கூடாது. கிரைப் வாட்டர், வசம்பு போன்றவையும் இதில் அடக்கம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். நீங்கள் இல்லாதபோது வெளியாள் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது. குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் குழந்தையைக் குலுக்கவோ அடிக்கவோ கூடாது. கீழே மருத்துவர் எண், 108, 112.

அடிக்கக் கூடாது என்ற விதி நமக்கும் சேர்த்துத்தான். 2007 ஆய்வில், குடும்பத்துக்குள் அடி வாங்கிய குழந்தைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோரே. நீங்கள் அடிக்கிற வீட்டில் அவர் அடிக்க மாட்டார் என்று எதிர்பார்க்க முடியாது.

சிசிடிவி வைக்கலாமா?

வைக்கலாம், சொல்லிவிட்டு வையுங்கள். ஹால், குழந்தை தூங்கும் அறை போதும். குளியலறையிலோ, அவர் உடை மாற்றும் அல்லது தூங்கும் இடத்திலோ கேமரா கூடவே கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். கேமராவின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவே அரை நிமிடம் பார்க்கும் காட்சியை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அடிக்கடி ஆள் மாறும் வீட்டில் குழந்தை ஒவ்வொரு முறையும் புது முகத்தோடு பழக வேண்டும். நீங்களும் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறுபடியும் தொடங்க வேண்டும்.

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. இவர்களுக்கெனத் தனிச் சட்ட அமைப்பு தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில்தான் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா உள்ளிட்ட சில மாநிலங்களில் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. மற்றபடி நிலைமை அந்தந்த வீட்டின் மனசைப் பொறுத்தது.

வேலை நேரம், சம்பளத் தேதி, வார விடுமுறை, நீங்கள் தாமதமாக வந்தால் கூடுதல் தொகை, தீபாவளி போனஸ், நிற்பதற்கு முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை வேலையோடு பாத்திரம், துணி, சமையல் என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். அவர் அடுப்படியில் நிற்கும்போது குழந்தையை யார் பார்ப்பது?

எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் கிளம்பும்போது குழந்தை அழுவது மட்டுமே எச்சரிக்கை அல்ல. எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை பிரிவுப் பதற்றம் இயல்பு. இவற்றைப் பாருங்கள்:

- இன்னும் தவழாத குழந்தையின் உடலில் காயமோ கன்றிப்போன தழும்போ
- காது, கன்னம், முதுகில் காரணம் தெரியாத தழும்புகள்
- வழக்கத்துக்கு மாறான நீண்ட தூக்கம், மந்தம் (தூக்கம் வரவழைக்கும் சிரப் கொடுக்கப்பட்டிருக்கலாம்)
- அந்த நபர் பக்கத்தில் வந்தாலே திடீரென ஒடுங்கிப்போவது
- நாளுக்கு நாள் மாறும் விளக்கங்கள்

கொஞ்சம் வளர்ந்த குழந்தை என்றால் உடல் உறுப்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். "அம்மா அப்பாகிட்ட சொல்லக் கூடாத ரகசியம்னு எதுவும் கிடையாது" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டால்?

அன்றே குழந்தையை அவரிடமிருந்து பிரித்து, மருத்துவரிடம் காட்டுங்கள். காயங்களைப் படம் எடுத்து வையுங்கள், சிசிடிவி பதிவை அழியாமல் சேமியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது 112-ஐ அழையுங்கள்.

பாலியல் குற்றம் என்ற சந்தேகம் இருந்தால் புகார் தருவது உங்கள் விருப்பம் அல்ல. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அது கடமை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்யச் சட்டம் வழி செய்கிறது. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டுமே என்ற பயம் வேண்டாம். குழந்தையின் அடையாளம் தெரியும்படி அபார்ட்மெண்ட் குழுவில் எதையும் போடாதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டம் வருவதில்லை. ஆறு மாதம் நன்றாகப் போகும், நீங்களும் பழகிவிடுவீர்கள். அப்போதும் மாதம் ஒரு முறை மதியம் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போகிற கையோடு அந்த அக்கா சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள்.