அமெரிக்கச் சட்டக் கல்லூரிச் சேர்க்கையில் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம்

அமெரிக்காவில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவரைப் பற்றி, அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் கல்லூரிக்கு எழுதும் மதிப்பீடு, பரிந்துரைக் கடிதம் எனப்படும். அங்கே பள்ளிப்படிப்பு முடித்தவுடன் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பொதுவாக ஏதேனும் ஒரு துறையில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஆகவே கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் சட்ட ஆசிரியர் அல்லர்; வரலாறோ தத்துவமோ வேதியியலோ கற்பிப்பவர். அவரிடம் சட்ட அறிவைப் பற்றிய சான்று எதிர்பார்க்கப்படுவதில்லை. இந்த மாணவர் படித்ததை வைத்து வாதிக்கக்கூடியவரா, தெளிவாக எழுதக்கூடியவரா, தன் கருத்தை மறுத்தால் காது கொடுத்துக் கேட்பவரா என்பதுதான் கேள்வி.

விண்ணப்பத்தில் முதலில் பார்க்கப்படுபவை இரண்டு எண்கள்: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் 120 முதல் 180 வரையிலான மதிப்பெண், இளநிலைப் படிப்பில் பெற்ற ஜி.பி.ஏ. எனும் சராசரித் தரப்புள்ளி. தன்விளக்கக் கட்டுரையை மாணவரே எழுதுகிறார். இவற்றுக்கு நடுவே இன்னொருவர் பார்வையில் மாணவரைக் காட்டுவது கடிதம் ஒன்றுதான். குறைந்த எண்களைக் கடிதம் தூக்கி நிறுத்துவது அரிது. ஒரே அளவு எண்களோடு பலர் வரிசையில் நிற்கும்போதுதான் அதற்கு வேலை வருகிறது. பெயர்பெற்ற கல்லூரிகளில் அப்படிப்பட்ட வரிசை மிக நீளம்.

எத்தனை கடிதம் என்பதைக் கல்லூரிகள்தாம் முடிவு செய்கின்றன. சில ஒன்றோடு நின்றுகொள்ளும். பல இரண்டு கேட்கும். ஹார்வர்டு குறைந்தது இரண்டு கேட்கிறது, அவற்றில் ஒன்றாவது கற்பித்தவரிடமிருந்து வருவது நல்லது என்கிறது. யேல் இரண்டுமே பேராசிரியர்களிடமிருந்து வருவதை விரும்புகிறது.

கடிதம் போகும் வழி

பேராசிரியர் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக எழுதுவதில்லை. 1947-இல் தொடங்கப்பட்டு, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூடவுனில் இயங்கும் சட்டக் கல்லூரிச் சேர்க்கை மன்றம் (எல்.எஸ்.ஏ.சி.) எல்சாட் தேர்வையும் நடத்துகிறது, கடிதங்களையும் திரட்டுகிறது. மாணவர் அங்குள்ள தம் கணக்கில் பேராசிரியரின் பெயரையும் மின்னஞ்சலையும் பதிகிறார். பேராசிரியருக்கு இணைப்பு போகிறது. அவர் கடிதத்தைப் பதிவேற்றுகிறார். கையெழுத்தில்லாத கடிதம் திரும்பிவிடும். எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்கு என்று ஒதுக்குவது மாணவர் வேலை. மதிப்பெண் பட்டியலோடு சேர்ந்து அது கல்லூரிக்குப் போய்விடும். ஒரே கடிதம் பத்துக் கல்லூரிகளுக்குப் போகலாம் என்பதால், அதில் ஒரு கல்லூரியின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் சங்கடம்தான்.

விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் தொடங்குகின்றன. பெரும்பாலான கல்லூரிகள் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போவதால், பிப்ரவரி, மார்ச் கெடுநாள்வரை காத்திருப்பவருக்கு மிஞ்சும் இடம் குறைவு. கோடை விடுமுறைக்கு முன்பே பேராசிரியரிடம் கேட்டுவிடும்படி இளநிலைக் கல்லூரிகளின் சட்டப்படிப்பு ஆலோசகர்கள் சொல்வது இதனால்தான். தாமதம் பெரும்பாலும் மாணவரால் நேர்வதில்லை, எழுத ஒப்புக்கொண்டு மறந்துபோகும் பேராசிரியரால் நேர்கிறது. பணிவாக நினைவூட்டத் தயங்குபவர் பருவத்தின் பாதியை இழக்கிறார்.

யாரிடம் கேட்பது

நீதிபதி, செனட்டர், குடும்ப நண்பரான பெரிய வக்கீல் எழுதினால் எடை கூடும் என்ற நம்பிக்கை எந்த நாட்டு மாணவரையும் விடுவதில்லை. மாணவரோடு அவர் வேலை செய்திருந்தாலொழிய அக்கடிதம் மதிப்பற்றது. நட்சத்திரப் பேராசிரியருக்கும் இது பொருந்தும். முந்நூறு பேர் அமர்ந்த வகுப்பில் 'ஏ' வாங்கிய மாணவரைப் பற்றி அவரால் எழுத முடிவது, இவர் 'ஏ' வாங்கினார் என்பது மட்டுமே. அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து விவாதித்த கருத்தரங்க வகுப்பின் இளம் உதவிப் பேராசிரியர், மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்தி, மறுபடி எழுதச் சொல்லி, அந்த இரண்டாம் வடிவத்தையும் படித்தவர். அவருடைய கடிதத்தில்தான் விஷயம் இருக்கும்.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவரை உண்மையில் அறிந்தவர் பாட உதவியாளராக இருப்பார். அவர் எழுத, பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்திடும் வழக்கம் உண்டு. படிப்பை முடித்துப் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவர் மேலதிகாரியிடம் வாங்கலாம். ஆனால் ஓரிரு ஆண்டு இடைவெளி மட்டுமே உள்ளவரிடம் கல்லூரிகள் ஆசிரியர் கடிதத்தையே எதிர்பார்க்கின்றன. பட்டம் பெறும்போதே கடிதத்தை வாங்கி எல்.எஸ்.ஏ.சி. கணக்கில் சேர்த்துவைப்பது விவரமானவர்கள் செய்வது.

கேட்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "எனக்குக் கடிதம் தர முடியுமா?" என்றால் பலரும் மறுக்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். "எனக்காக வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?" என்று கேட்டால் அரைமனதுக்காரர் விலகிக்கொள்ள இடம் கிடைக்கும். அந்த விலகல் மாணவருக்கு நன்மை. சம்மதித்தவரிடம் தன்விவரக் குறிப்பு, தன்விளக்கக் கட்டுரையின் வரைவு, அவர் வகுப்பில் எழுதிய பழைய கட்டுரை அவருடைய குறிப்புகளோடு, கெடுநாள் பட்டியல் ஆகியவற்றைக் கொடுப்பது வழக்கம். இவற்றில் அதிகம் பயன்படுவது அந்தப் பழைய கட்டுரை. மூன்று ஆண்டுக்கு முந்திய மாணவரின் முகம் மறந்தவருக்கும், தாம் ஓரத்தில் எழுதிய குறிப்பைப் பார்த்தால் அந்த வாதம் நினைவுக்கு வந்துவிடும்.

கடிதத்தின் உள்ளடக்கம்

ஒன்று அல்லது இரண்டு பக்கம், நிறுவனத் தாள்தலைப்பு, தேதி, கையெழுத்து. எவ்வளவு காலமாக, எந்த முறையில் மாணவரைத் தெரியும் என்பது தொடக்கம். புகழுரையைவிடச் சம்பவம் பேசும். "அறிவாளி, உழைப்பாளி" என்பதை வாசிப்பவர் அன்றே ஐம்பது முறை படித்திருப்பார். ஒரு தீர்ப்பைப் பற்றி மாணவர் எழுதிய கட்டுரையில் எதிர்த்தரப்பு வாதத்தை அத்தரப்பினரே சொல்வதைவிடச் சிறப்பாக எடுத்துவைத்துப் பிறகு மறுத்தார் என்ற ஒரு வாக்கியம் நினைவில் நிற்கும். தாம் கற்பித்த இத்தனை ஆண்டு மாணவர்களில் இவர் எந்த இடம் என்ற ஒப்பீடும் கவனிக்கப்படும். சிறு குறை ஒன்றைச் சொல்லும் கடிதம் கெடுதல் செய்யாது, மற்றப் புகழ்ச்சியை நம்பவைக்கும். கெடுப்பது வெதுவெதுப்பான கடிதம்: வகுப்புக்குத் தவறாமல் வந்தார், பணிவானவர், வெற்றிபெற வாழ்த்துகிறேன்.

எழுதுபவர் அறியாமலே கடிதத்தின் மொழி ஒரு பக்கம் சாய்வதும் உண்டு. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணிக்கு எழுதப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து பிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குட்டையாகவும், ஐயத்தைக் கிளப்பும் சொற்றொடர்களைக் கூடுதலாகக் கொண்டவையாகவும் இருந்தன. அது சட்டத் துறை ஆய்வு அல்ல. ஆனால் எழுதுபவர்கள் அதே பேராசிரியர் வர்க்கம்தான். இதைவிட வெளிப்படையான ஏற்றத்தாழ்வு இன்னொன்று: மாலை வகுப்புக்கு வந்து வேலைக்கு ஓடும் மாணவருக்குப் பேராசிரியரின் அறையில் உட்கார்ந்து பேச நேரமில்லை. பேராசிரியர் கடிதம் வேண்டும் என்ற, எல்லோருக்கும் பொதுவான விதி இவரிடம் மட்டும் கூடுதல் விலை கேட்கிறது.

மந்தணம்

மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்க உரிமை தரும் கூட்டரசுச் சட்டம் 1974-இல் வந்தது. ஃபெர்ப்பா என்பது அதன் சுருக்கப் பெயர். ஒரு கல்லூரியில் சேர்ந்தபின் அங்குள்ள தம் கோப்பில் இருக்கும் கடிதத்தையும் மாணவர் கேட்கலாம். அந்த உரிமையை முன்கூட்டியே எழுதித் துறக்கவும் சட்டம் இடம் தருகிறது. துறந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று நிபந்தனை போடக் கூடாது. நடைமுறையில் ஏறக்குறைய எல்லா ஆலோசகரும் துறக்கவே சொல்கிறார்கள். மாணவர் படிக்கக்கூடும் என்று தெரிந்தால் எழுதுபவர் கை அடங்கும், வாசிப்பவர் நம்பிக்கை குறையும் என்பது காரணம்.

எழுத மறுக்கலாமா

கடிதம் எழுதுவது பேராசிரியரின் கடமையா, விருப்பமா? வழக்கப்படி விருப்பம். எனினும் மறுப்புக்கான காரணம் சிக்கலாகலாம். டெக்சஸ் டெக் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் மைக்கேல் டினி, தம்மிடம் கடிதம் கேட்பவர் 'ஏ' பெற்றிருக்க வேண்டும், தமக்கு நன்கு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதோடு, மனித இனத் தோற்றத்துக்கான அறிவியல் விளக்கத்தை ஏற்க வேண்டும் என்றும் எழுதிவைத்திருந்தார். 2003-இல் கூட்டரசு நீதித்துறை விசாரணை தொடங்கியது. ஏற்க வேண்டியதில்லை, விளக்கத் தெரிந்தால் போதும் என்று அவர் மாற்றிய பிறகு விசாரணை முடிந்தது. 2018-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் செனி-லிப்போல்டு, இஸ்ரேலில் ஒரு பருவம் படிக்க விரும்பிய மாணவிக்குக் கடிதம் தர அரசியல் காரணம் சொல்லி மறுத்தார். பல்கலைக்கழகம் அவ்வாண்டு ஊதிய உயர்வை நிறுத்தி, ஆய்வு விடுப்பையும் தள்ளிவைத்தது. இரண்டுமே சட்டக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பானவை அல்ல. ஆனால் கடிதம் பேராசிரியரின் சொந்த உடைமை என்ற எண்ணத்துக்கு எல்லை உண்டு என்பதை இரண்டும் காட்டின.

இந்திய விண்ணப்பதாரர்

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 2008 முதல் நடக்கும் கிளாட் நுழைவுத் தேர்வு வழியே மாணவரை எடுக்கின்றன. இரண்டிலும் கடிதத்துக்கு இடமில்லை. ஆகவே சென்னையிலோ திருச்சியிலோ சட்டம் முடித்து அமெரிக்காவில் எல்.எல்.எம். எனும் ஓராண்டுச் சட்ட முதுநிலைப் படிப்புக்குப் புறப்படுபவர், வாழ்வில் முதல்முறையாக அப்போதுதான் ஆசிரியரிடம் கடிதம் கேட்டு நிற்கிறார். அவருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்த ஒரே முன்மாதிரி கல்லூரி அலுவலகம் தரும் நன்னடத்தைச் சான்றிதழ். கடிதமும் அதே தோரணையில், யாருக்கும் பொருந்தும்படி வந்துவிடுகிறது. "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்ற பழக்கம் இன்னொரு சிக்கல். மூன்று ஆசிரியர் பெயரில் மூன்று கடிதம், மூன்றிலும் ஒரே நடை. இதைச் சேர்க்கை அலுவலர் எளிதில் கண்டுகொள்வார். கல்லூரியின் அலுவல் மின்னஞ்சல் இல்லாமல் ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகலாம். மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பயிற்சியளித்த ஆசிரியர், ஆய்வேட்டுக்கு வழிகாட்டியவர், ஜூனியராக வேலை பார்த்த அலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர் ஆகியோர் இந்திய விண்ணப்பதாரருக்குக் கைகொடுப்பவர்கள். வரைவைத் தாமே எழுத நேர்ந்தாலும், எந்த வழக்கு, எந்த மனு, எந்த வாதம் என்ற விவரங்களை மட்டும் குறித்துக் கொடுத்து வாக்கியங்களை அவர்களிடம் விடுவது பாதுகாப்பானது.