பெனாரிக்கான்: படகை இழுத்துக் கடந்த வழி



நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்வோருக்கு ஜெம்போல், செர்திங் என்னும் பெயர்கள் புதியவை அல்ல. இரண்டும் ஆறுகளின் பெயர்கள். ஆற்றை ஒட்டி ஊருக்கும் அப்பெயர் வந்தது. மழை குறைந்த நாள்களில் இவற்றைப் பார்ப்பவர், “இதையும் ஓர் ஆறு என்று சொல்ல வேண்டுமா?” என்றே கேட்பார். ஆயினும் நம் நாட்டு வரலாற்றில் பெரிய ஆறுகள் பலவற்றுக்குக் கிடைக்காத ஓர் இடம் இச்சிற்றாறுகளுக்குக் கிடைத்திருக்கிறது. அது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

நம் லயத்துக் கூரையை நினைத்துக் கொள்ளுங்கள். முகட்டுக்கு இப்புறம் விழும் மழை முன்வாசலில் வடிகிறது. அப்புறம் விழும் மழை பின்கட்டில் வடிகிறது. நாட்டின் நிலமும் அப்படித்தான். தீபகற்பத்தின் நடுவே முதுகெலும்பைப்போல் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் மேற்கு ஆறுகளையும் கிழக்கு ஆறுகளையும் பிரித்து வைக்கிறது. ஆனால் தெற்கே வர வர அம்மலை தாழ்ந்துகொண்டே வந்து, பகாவ் அருகே முகடு என்று சொல்லவே இயலாத அளவுக்கு நிலம் தட்டையாகி விடுகிறது. அந்தத் தாழ்நிலத்தில் ஓரிடத்தில் ஜெம்போலுக்கும் செர்திங்குக்கும் இடையே உள்ள தரை ஏறக்குறைய 300 மீட்டர்தான். கால் மைல்கூட இல்லை.

இனி அந்த இரு நீரும் போகும் திசையைப் பாருங்கள். ஜெம்போல் மூவார் ஆற்றில் கலந்து, மலாக்கா நீரிணையில் போய் விழுகிறது. செர்திங்கோ பெரா ஆற்றோடு சேர்ந்து, பிறகு பகாங் ஆற்றில் கலந்து, பெக்கானுக்கு அருகே தென்சீனக் கடலை அடைகிறது. அந்த 300 மீட்டர் தரையில் படகை இழுத்துவிட்டால் போதும். மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு உள்நாட்டு ஆறுகளின் வழியாகவே போய்விடலாம். இல்லாவிட்டால் தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றிப் போக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்போது அப்பயணம் உயிருக்கே ஆபத்து.

மலாய் மொழியில் ‘தாரிக்’ என்றால் இழு. படகை இழுத்த இடம் ஆகையால் அதற்குப் பெனாரிக்கான் என்று பெயர் வந்தது.

1511-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்புகர்க்கின் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். கோட்டையும் துறைமுகமும் போயின. கடலில் எதிரியின் பீரங்கிக் கப்பல்கள். சுல்தான் மாமுட் ஷா எங்கே போவார்? உள்நாட்டுக்குள் பின்வாங்கி மூவார் ஆற்றங்கரைக்கு வந்தார். அங்கும் நிலைக்க முடியாமல், ஆற்றை எதிர்த்து மேலேறி, பெனாரிக்கானைக் கடந்து பகாங் சென்றார். பின்னரே பிந்தான் தீவில் தம் அரசை மீண்டும் அமைத்துக் கொண்டார். மாபெரும் துறைமுகத்தை ஆண்ட மன்னரின் குடும்பமும் பரிவாரமும், இன்று நாம் பாலத்தின்மேல் ஒரு நொடியில் கடந்துவிடும் சிற்றாறுகளில் படகேறிப் போனார்கள். கடலை வென்றவர்களால் அந்த ஆறுகளுக்குள் அவர்களைத் தொடர்ந்து பிடிக்க முடியவில்லை.

பின்பு போர்த்துக்கீசியரும் இவ்வழியை அறிந்துகொண்டனர். 1563-இல் மலாக்காவிலேயே பிறந்தவர் மானுவேல் கொடினோ டி எரேடியா. தந்தை போர்த்துக்கீசியர், தாய் சுலாவேசித் தீவினர். அவர் 1613-இல் எழுதிய மலாக்கா பற்றிய நூலில் பெனாரிக்கானைக் குறிப்பிட்டு, வரைபடத்திலும் காட்டியிருக்கிறார். இதற்கும் முன்னே, இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய நூலில் நம் தீபகற்பத்தின் ஆறுகள் உள்ளே ஒன்றோடொன்று சேர்வதாகச் சொல்லப்பட்டுள்ளது. அது பெனாரிக்கானைக் கேள்விப்பட்டு எழுதியதே என்பார் சிலர். ஊகம் என்ற அளவில் ஏற்கலாம். உறுதி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சரியன்று.

சுல்தானின் பெயரை அறிவோம். வரைபடம் வரைந்தவரின் பெயரையும் அறிவோம். சேற்றில் கால் ஊன்றி அந்தப் படகுகளை இழுத்தவர்கள் யார்? சரக்கை இறக்கித் தோளில் சுமந்து அக்கரையில் மீண்டும் ஏற்றியவர்கள் யார்? ஏட்டில் பெயர் இல்லை. இருப்பது இடத்தின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் மன்னரைச் சொல்லவில்லை, வணிகரைச் சொல்லவில்லை. இழுத்த வேலையைச் சொல்கிறது. பால் வாளி சுமந்த தோள்களை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போகாது.

19-ஆம் நூற்றாண்டிலும் இந்த உள்நாட்டுப் பயணம் நின்றுவிடவில்லை. சார்லஸ் கிரே என்ற ஆங்கிலேயர் 1827-இல் மலாக்காவிலிருந்து தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து பகாங் போய்ச் சேர்ந்தார். பிறகு ரயில் வந்தது. 1910-இல் கிம்மாஸிலிருந்து பகாவ் வரை தண்டவாளம் போடப்பட்டது. 1931-இல் அது கிளந்தான் வரை முழுமை பெற்றது. சாலைகளும் வந்தன. படகு இழுக்க யாருக்கும் தேவை இல்லாமல் போயிற்று. காட்டை அழித்து ரப்பரும், அதன்பின் செம்பனையும் நட்டார்கள். மரம் நட்டவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு.

அந்தப் பழைய நீர்வழி காடாக இருந்த காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று காண விரும்புவோர், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெரா ஏரிக்குப் போகலாம். பகாங் மாநிலத்தில் உள்ள இவ்வேரியின் நீரும் பெரா ஆற்றின் வழியாகவே பகாங் ஆற்றுக்குச் செல்கிறது. ஏரி என்றதும் அகன்ற வெட்டவெளியை எதிர்பார்க்க வேண்டாம். தாழை இனத்தைச் சேர்ந்த ‘ராசாவ்’ புதர்களுக்கும் சதுப்புக் காட்டுக்கும் இடையே கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் நீர்ச்சந்துகள் அவை. மக்கிய இலைச்சாறு இறங்குவதால் நீர் பாலில்லாத தேநீரின் நிறத்தில் இருக்கும். அழுக்கு என்று எண்ணி முகம் சுளிக்க வேண்டியதில்லை. வழி தெரியாமல் உள்ளே போனால் திரும்புவது கடினம். ஆகவே படகோட்டியுடனேயே செல்லுங்கள்.

1994-இல் பெரா ஏரி, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் அதுதான். அங்கே வாழும் செமலாய் பூர்வகுடி மக்கள் மீன் பிடிக்கிறார்கள், பாய் முடைகிறார்கள், காட்டில் கெருயிங் மரத்திலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். செர்திங் ஆற்றங்கரையும் அவர்கள் வாழ்ந்த நிலமே. பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, போஸ் இஸ்கண்டார் கிராமத்துப் பெரியவர்கள் அங்குள்ள ஒவ்வொரு நீர்ச்சந்துக்கும் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.