இசைத்தட்டு ஒலியும் டிஜிட்டல் ஒலியும்

இவை வீட்டில் பதிவிசை கேட்பதற்கான இரு முறைகள். வினைல் இசைத்தட்டில் ஒலியலையின் வடிவம் பள்ளத்தின் நெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊசி அதில் ஓடி, நெளிவை மின்னலையாக மாற்றுகிறது. சிடி, கணினிக் கோப்பு, ஸ்ட்ரீமிங் ஆகிய டிஜிட்டல் வடிவங்களில் அதே அலை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. எது மேல் என்ற வாக்குவாதம் சிடி வந்த 1980-களில் தொடங்கியது. அளவீடுகளின்படி டிஜிட்டல்தான் மேல். அப்படியிருந்தும் ஒரே ஆல்பத்தின் இசைத்தட்டு சில வேளை சிடியைவிட நன்றாக ஒலிப்பது வெறும் பிரமை இல்லை. அதற்கான காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங்கில், அதாவது விற்பனைக்கு முன் ஒலிப்பதிவை இறுதியாகச் சீர்செய்யும் வேலையில், இருக்கிறது.

பள்ளத்தின் கட்டுப்பாடுகள்

நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் 12 அங்குல எல்பி தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகளில் அரக்குதான் முக்கியச் சேர்மானம். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. அவற்றில் இரைச்சல் அதிகம், ஒரு பக்கம் நான்கைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்பியில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1958 முதல் ஸ்டீரியோ தட்டுகள் பரவின: பள்ளத்தின் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, எதிர்ச்சுவரில் வலப்பக்க ஒலி.

கனத்த பேஸ் ஒலியை அப்படியே செதுக்கினால் பள்ளம் அகன்று நெளிந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். எனவே வெட்டும்போது கீழொலிகளைக் குறைத்து, மேலொலிகளைக் கூட்டிவிடுகிறார்கள். இதற்கு 1954-இல் ஏற்பட்ட பொது அளவு ஆர்ஐஏஏ வளைவு. 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 20 டெசிபல் தாழ்கிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ அதே அளவு உயர்கிறது. ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ பகுதி இதைத் தலைகீழாக்கி ஒலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மேலொலியைத் தணிக்கும்போது ஊசியின் உராய்வு இரைச்சலும் சேர்ந்து தணியும். ஊசியின் அசைவை மின்னலையாக்கும் கார்ட்ரிட்ஜ்களில், காந்தம் அசையும் வகை தருவது சுமார் 5 மில்லிவோல்ட், சுருள் அசையும் வகை அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது இன்னும் குறைவு. ஃபோனோ பகுதி இல்லாத ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளை நேரே செருகினால் ஒலி மெலிந்து, பேஸே இல்லாமல் கேட்பது இதனால்தான்.

தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது: வெளி விளிம்பில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர், உள்ளே முடியும் இடத்தில் 20-ஐ ஒட்டி. உட்பகுதியில் அதே மேலொலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் பாடகரின் ‘ஸ’கர ஒலிகள் அங்கே கிழிந்து கேட்கும். ஆரவாரமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியானதைக் கடைசியிலும் வைக்கும் வழக்கத்துக்கு இது ஒரு காரணம். நடுத்துளை சற்று விலகியிருந்தால் பியானோவின் நீண்ட சுரம் தள்ளாடும்.

எண்களின் பக்கம்

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சிடி 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்துவைத்ததன் எச்சம் இந்த 44,100. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி வரையுள்ள அதிர்வெண்களை முழுமையாக மீட்கலாம் என்பது மாதிரியெடுப்புத் தேற்றம். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்கிவிடுகிறது. ‘டிஜிட்டல் அலை படிக்கட்டுப் போன்றது’ என்று விளம்பரப் படங்கள் காட்டுவது தவறு. மீட்பு வடிகட்டியைத் தாண்டி ஸ்பீக்கருக்குப் போவது வழவழப்பான அலையே. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு சிடியில் 96 டெசிபல். நல்ல எல்பியில் 70-ஐ எட்டினால் பெரிது.

மாஸ்டரிங்

பிறகு சிடி கெட்ட பெயர் வாங்கியது ஏன்? 1990-களில் எல்லோரும் தங்கள் பாட்டு மற்றவர் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டுமென்று ஒலிப்பதிவின் ஏற்ற இறக்கத்தை நசுக்கத் தொடங்கினார்கள். மெட்டாலிகா ராக் குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் (2008) இதன் உச்சம். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் நசுங்காமல் வந்திருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தனர். இரண்டுமே டிஜிட்டல். எல்பியில் இந்த அளவுக்கு அடாவடி செய்ய முடியாது: உரப்பு கூடக் கூடப் பள்ளம் இடத்தைத் தின்று, ஓடும் நேரம் குறையும். ஆனால் நசுக்கிய மாஸ்டரையே வாங்கித் தட்டில் வெட்டினால் தட்டும் நசுங்கித்தான் ஒலிக்கும்.

எதிர்த்திசையிலும், அதாவது டிஜிட்டலில் பதிந்தது எல்பியாக நன்றாக ஒலிப்பதற்கும், சான்று உண்டு. ஜப்பானின் டெனான் 1972-லேயே டிஜிட்டலில் பதிந்து எல்பியாக வெளியிட்டது. தூய அனலாக் என்று நம்பி ஆர்வலர்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கிய பல தட்டுகளின் தயாரிப்பில் டிஜிட்டல் படி ஒன்று இருந்ததை அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2022-இல் ஒப்புக்கொண்டது. அதுவரை அவற்றின் ‘அனலாக் இதத்தை’ மெச்சிய காதுகள் எதையும் சந்தேகிக்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் எல்பி விற்பனை 4.1 கோடி, சிடி 3.3 கோடி; எண்ணிக்கையில் எல்பி சிடியை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை.

வீட்டில் ஒப்பிடுதல்

இரண்டின் உரப்பும் சமமாக இல்லாவிட்டால் ஒப்பீடு செல்லாது; ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு ‘நல்லதாக’ப் படும். டர்ன்டேபிளில் ஊசியின் அழுத்தமும் கோணமும் சரியாக இருக்க வேண்டும், ஸ்பீக்கரின் அதிர்வு தட்டுக்கு எட்டக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கரும் அறையும் உண்டாக்கும் மாற்றம் இந்த இரு ஊடகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது. சோதிக்க விரும்புவோர் ஓர் எல்பியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் கணினியில் பதிந்து, தட்டையும் பதிவையும் மறைவாக மாற்றி மாற்றிக் கேட்கலாம். இசைத்தட்டின் குணமென்று சொல்லப்படும் சிறு சிதைவு, இடவலக் கலப்பு, மெல்லிய சடசடப்பு எல்லாம் அந்தப் பதிவிலும் அப்படியே இருக்கும்.